தானாக விழுந்தவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு செங்கல் லாரியின் கதையைச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கேட்பீர்கள் இல்லையா? ஒரு மனிதருடைய கால்தான் நொறுங்கியது. அது எப்படி நொறுங்கியது என்பதை அவர்மேல் பாசம் வைத்தவர்களே மறைத்துவிட்டார்கள்.

சிதம்பரத்தில் கதிர்வேல் என்று ஒரு ஒயரிங்காரர். நாற்பது வயது. புது வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, கீழே இருக்கும் கொத்தனாரைக் கிண்டல் செய்தபடியே வேலையை முடித்துவிடுவார். மனைவி ஜான்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். ஜான்சியின் அப்பா ராமாமிர்தத்துக்குக் காட்டுமன்னார்கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலம். அவருக்கு உதவியாக மகன் இளவரசு, ஜான்சிக்குத் தம்பி.

நெல் விளைவித்தவர்களுக்கு இது தெரியும். மிஷினில் அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லைச் சின்ன மிஷினில் போட்டு ஈரம் பார்ப்பார்கள். நூற்றுக்குப் பதினேழுக்கு மேலே ஈரம் காட்டினால் காய வைத்து எடுத்து வரச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். காய வைக்க இடம் எங்கே இருக்கிறது? ஊருக்கு ஒரு களம், அதற்கு நூறு பேர் வரிசை. அதனால் தார் ரோட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு நெல்லைக் கொட்டிப் பரப்புகிறார்கள். வண்டிகள் நெல்மேல் ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்துவிடுகிறார்கள். எல்லாரும் செய்வதால் அது தப்பாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

தை மாதக் கடைசியில் ராமாமிர்தமும் அப்படித்தான் பரப்பியிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கிழக்கே மேகம் கூடியது. மருமகனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, வானம் கறுத்துக்கிட்டு வருது. நானும் இளவரசும் ரெண்டே பேருதான். நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா அள்ளிப்புடலாம்."

"வந்துட்டேன் மாமா. ஒங்க புள்ளைய கொஞ்சம் வேகமா குனியச் சொல்லுங்க, அவன் தொப்பைய தாங்கிக்கிட்டு அள்றதுக்குள்ள ஆடி பொறந்துடும்."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார் கதிர்வேல்.

எதிர்ப்பக்கத்திலிருந்து செங்கல் லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் சிங்காரம், பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்காரர். நடைக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்கு முன்னால் இன்னும் ஒரு நடை போய்விட்டு வா, இன்னும் ஒரு நடை என்று முதலாளி விரட்டியதில் இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேலேயே செங்கல். பாரம் ஜாஸ்தியானால், பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி உடனே நிற்காது. அவருக்குக் கண் ஒரு கணம் சொருகியது. திறந்தபோது சக்கரத்துக்கு முன்னால் கருங்கல் வரிசை. பதறிப் போய் வலது பக்கம் ஒடித்தார். அங்கே கதிர்வேல் வந்துகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நின்று நான் கதையை இழுக்கப் போவதில்லை. வலது கால், முட்டிக்குக் கீழே. அது போதும்.

சிங்காரம் குதித்து ஓடி வந்து தன் துண்டால் இரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இளவரசு நூற்றெட்டுக்குப் போன் செய்தான். செய்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினான்.

"யோவ், நீ கெளம்பு. போலீஸ் வந்தா கல்லு வச்சது யாருன்னு கேப்பான். எங்கப்பாவையும் சேத்து இழுத்துடுவான். நீ வரவே இல்ல, நாங்க பாக்கவே இல்ல. கெளம்புய்யா!"

ஆம்புலன்ஸ் வந்து கதிர்வேலை ஏற்றும்வரை சிங்காரம் போகவில்லை. அதற்கப்புறம் போய்விட்டார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து நெல்லை அள்ளினார்கள். கல்லையெல்லாம் வாய்க்காலில் உருட்டினார்கள். அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஒரு தடமும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள்.

"வண்டி சறுக்கி அவராவே உழுந்துட்டாரு சார்" என்றான் இளவரசு.

கடையிலிருந்து ஓடி வந்திருந்த ஜான்சி பக்கத்தில்தான் நின்றாள். வரும் வழியிலேயே தம்பி போனில் லாரி என்று சொல்லியிருந்தான். இப்போது அவன் அவள் கையை அழுத்தினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. உள்ளே புருஷன், ஊரில் அப்பா. அந்த நேரத்தில் நம்மில் எத்தனை பேர் திறந்திருப்போம்? போலீஸ் கேஸ் என்ற பயத்தில், மோதிய வண்டி கண்ணெதிரே நின்றாலும் தானாக விழுந்ததாகச் சொல்லிவிடுவது நம் பக்கத்தில் சாதாரணமாகப் போய்விட்டது. லாரி மோதியது என்று சொல்லியிருந்தாலும் டாக்டர் அதே வைத்தியத்தைத்தான் பார்த்திருப்பார். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் புண் ஆறவில்லை. இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள்.

"வைத்தியம் இங்கயே ஃப்ரீயா நடக்கும், அத பத்தி கவலப்படாதீங்க" என்றார் டாக்டர். "நடப்பாரு. ஆனா ஏணி ஏறுவாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

பிழைப்பே ஏணிதான். ஜவுளிக் கடைச் சம்பளத்தில் வாடகை போனால் மிச்சம் என்ன இருக்கும்? மூத்த பெண் அடுத்த வருஷம் காலேஜ் சேர வேண்டியவள். கதிர்வேல் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து நகர்ந்தே போனார். ஜான்சி தூக்கிவிட வந்தால் கோபம் வந்தது.

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பக்கத்துக் கட்டிலில் மகனை வைத்துக்கொண்டு சவரியம்மாள் என்று ஒரு அம்மா இருந்தார். அந்தப் பையனை ஒரு வேன் தட்டியிருந்தது.

"நாங்க நஷ்ட ஈட்டுக்கு மனு போட்டுட்டோம்மா" என்றார் அவர். "கோர்ட்டு காம்பவுண்டுக்குள்ளயே எலவச சட்ட உதவின்னு ஆபீஸ் இருக்குது. பொம்பளைங்களுக்கு அவுங்களே வக்கீல் வச்சுக் குடுக்குறாங்க. போய் கேளேன், கேட்டா என்னா கொறஞ்சுடுது?"

ஜான்சி யாரிடமும் சொல்லாமல் போனாள். அங்கே காயத்ரி என்ற வக்கீலிடம் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரித் தாளை வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லாரி மோதுச்சுன்னு சொல்றீங்க. இதுல தானா விழுந்தாருன்னு இருக்குதேம்மா. யார் சொன்னது?"

"என் தம்பி மேடம்."

"ஏன் அப்படிச் சொன்னாரு?"

ஜான்சி முந்தானையை முறுக்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கல், நெல், அப்பா, வாய்க்கால், ஒன்றையும் விடவில்லை.

காயத்ரி திட்டவில்லை. "வாரத்துக்கு ஒருத்தராவது இப்படித்தாம்மா வர்றீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னும் வழி இருக்குது. ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல இருக்குது, ஒங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சம். மொதல்ல ஸ்டேஷன்ல புகார் குடுக்கணும். எந்த வண்டின்னே தெரியாம போயிருந்தா அதுக்கு அரசாங்கத்துல தனியா ஒரு உதவி இருக்குது, கலெக்டர் ஆபீஸ் மூலமா. ஆனா அது கொஞ்சந்தான். ஒங்களுக்கு செங்கல் லாரின்னு தெரியும், தேடிப் புடிச்சுடலாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா அவுங்க பதில் சொல்லியாவணும். வேல போனதுக்கும் சேத்து கேக்கலாம். சிக்கல் ஒண்ணே ஒண்ணுதான். லாரி மோதுனத பார்த்தவுங்க வந்து சொல்லணும்."

"பார்த்தது எங்கப்பாவும் தம்பியும்தான். அந்த டிரைவரும்."

"அப்ப அவுங்கதான் வரணும்."

"எங்கப்பாவுக்கு என்னா ஆவும் மேடம்?"

"ஒங்கள சமாதானப்படுத்துறதுக்காக பொய் சொல்ல மாட்டேன். ரோட்டுல கல்லு வச்சது தப்புதான். அவர் மேலயும் கேஸ் வரலாம், அபராதம் போடலாம். ஆனா நெல்லு கொட்டுனது ஒங்க வீட்டுக்காரர் இல்ல. அவர் அவரோட பக்கத்துல ஒழுங்கா வந்தாரு. மத்தவுங்க தப்புக்கு அவர் பங்குல கை வைக்கக் கூடாதுன்னுதான் நான் வாதாடுவேன்."

வார்டுக்குத் திரும்பி வந்து கணவனிடம் சொன்னாள். கதிர்வேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்."

"என்னாங்க வேணாம்?"

"பொண்ணு குடுத்த மனுஷன ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஊருக்கு நடந்து போவேன்?"

"நடந்தாத்தான போவறதுக்கு!" என்றாள் ஜான்சி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல காலைத் தடவிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சை மீறி ஊருக்குப் போனாள். ராமாமிர்தம் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரே தடவைதான் வந்திருந்தார். அதுவும் வாசலோடு. அரிசி மூட்டையை மட்டும் யாரிடமாவது மாதாமாதம் கொடுத்தனுப்புவார்.

ஜான்சி சொல்லி முடிப்பதற்குள் இளவரசு குதித்தான். "ஏன்க்கா, அறுவத்தஞ்சு வயசுல அப்பா கோர்ட்டு படி ஏறணுமா? ஒனக்கு புருஷன் முக்கியமா, அப்பா முக்கியமா?"

"ரெண்டு பேரும் முக்கியம்டா. அதனாலதான் நாலு மாசமா வாய மூடிக்கிட்டு கெடந்தேன். ஒனக்கு யாருடா முக்கியம்? நெல்லா?"

அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

ராமாமிர்தம் வைக்கோலைக் கீழே போடவில்லை. "மாப்ள என்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"போவக் கூடாதுன்னாரு. ஒங்க பேரு எங்கயும் வரக் கூடாதாம். நான்தான் கேக்காம வந்தேன்."

அவர் வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார். ஜான்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். இனிமேல் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாள்.

ஒன்று அவளுக்குத் தெரியாது. அந்த டிரைவர் சிங்காரம் ஆம்புலன்ஸ் வருவதற்குள் பெரியவரின் நம்பரைக் கேட்டு வாங்கியிருந்தார். அதற்கப்புறம் இரண்டு தடவை போன் செய்து, "அந்த அண்ணன் எப்படி இருக்காருங்க?" என்று கேட்டிருந்தார். ராமாமிர்தம் இதை வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? இவர் உள்ளே போய்ப் பார்க்காத மருமகனை அந்த ஆள் விசாரிக்கிறார்.

நாலாம் நாள் ராமாமிர்தம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார். சிங்காரம் லாரியை விட்டுவிட்டிருந்தார். போனில் சொல்லியிருந்தபடி ஒரு பலா மண்டியில் பழம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பெரியவரைப் பார்த்ததும் கையிலிருந்த பழத்தைப் பொத்தென்று போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பெரியவரே, அவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இருக்காரு. எழுந்திரிக்கத்தான் முடியல."

இருவரும் மண்டி எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் மடக்குக் குடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது.

"தம்பி, நீ தூங்காம ஓட்டியிருந்தா இது நடந்திருக்குமா?"

"நீங்க நடு ரோட்டுல கல்ல அடுக்காம இருந்திருந்தா மட்டும்?"

"ஊரே அடுக்குதுய்யா!"

"ஊரே தூங்கிக்கிட்டுதான் ஓட்டுது பெரியவரே! என் மொதலாளிக்கிட்ட கண்ணு எரியுதுன்னு சொன்னேன். மொளகாய தடவிக்கன்னான்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் கப்பென்று அடங்கினார்கள். வெகுநேரம் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் போய் கல்லு வச்சது நான்தான்னு சொல்லப் போறேன்" என்றார் ராமாமிர்தம். "ஒன்னைய காட்டிக் குடுக்க வரல. கேக்கத்தான் வந்தேன். லாரின்னு ஒண்ணு வந்துச்சுன்னு சொல்லாம என் மாப்ளைக்கு ஒண்ணும் கெடைக்காதாம்."

சிங்காரம் தரையைப் பார்த்துக்கொண்டே, "லைசன்ஸ புடுங்கிடுவாங்க" என்றார்.

"புடுங்கலாம்."

"உள்ள கூட வைப்பாங்களோ என்னாவோ."

"தெரியலப்பா. எனக்கும்தான் தெரியல."

சிங்காரம் டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "கண்ண மூடுனா அந்த அண்ணன் மூஞ்சிதான் வருது. அன்னிக்கு தூங்கிட்டேன், அதுலேர்ந்து தூக்கமே இல்ல. எப்ப போவணும்னு சொல்லுங்க. நீங்க ஒங்களத சொல்லுங்க, நான் என்னுத சொல்றேன். நீங்க என்னையும் நான் ஒங்களையும் சொல்ல வேணாம்."

"அடுத்த செவ்வாக்கெழம புகார் குடுத்துடலாம், மாப்ளகிட்ட நான் பேசிட்டேன்" என்று ராமாமிர்தம் மகளுக்குப் போன் செய்தார். அன்றைக்குப் புகார் எழுதிக்கொண்டு ஜான்சியும் காயத்ரியும் ஸ்டேஷனுக்குப் போனபோது, வேப்ப மரத்தடியில் ராமாமிர்தமும் சிங்காரமும் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு இளவரசு. அப்பா அவளைப் பார்க்காமல், "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றார்.

உள்ளே ஏட்டய்யா பேனாவை எடுத்தார். "யார் மேல தப்பு?"

"என் மேலதாங்கய்யா" என்றார் ராமாமிர்தம்.

"இல்ல சார், என் மேல" என்றார் சிங்காரம்.

ஏட்டய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இங்க வர்றவன்லாம் அடுத்தவன் மேலதான் சொல்லுவான். நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருய்யா? ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. நீ ஏன்யா முழிக்கிற, ஒன் பங்கு என்னா?"

"ஆஸ்பத்திரில பொய் சொன்னது நான்தான் சார்" என்றான் இளவரசு. சொல்லிவிட்டு வெளியே போய் மரத்தில் சாய்ந்து அழுதான். தொப்பை குலுங்கக் குலுங்க அழுதான், பாவம்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறவளாவேன். மனு போட ஒரு அலைச்சல், வாய்தாவுக்கு ஒரு அலைச்சல் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இன்சூரன்ஸ் தரப்பு அந்த ஆஸ்பத்திரித் தாளைத்தான் திரும்பத் திரும்ப நீட்டியது. தானாக விழுந்தவருக்கு நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு வரிப் பொய் அவ்வளவு தூரம் துரத்தி வந்தது. நடந்ததை அன்றைக்கே நடந்தபடி சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இளவரசு கூண்டில் ஏறி, பொய் சொன்னதையும் ஏன் சொன்னான் என்பதையும் சொன்ன பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள். கடைசியில் கடலூரில் மக்கள் நீதிமன்றம் கூடியபோது இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடித்தார்கள். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. "இன்னும் இழுத்தா கூடவும் வரலாம், வருஷமும் ஆகலாம். முடிவு உங்களுது" என்றார் காயத்ரி. கதிர்வேலும் ஜான்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

ராமாமிர்தத்துக்கு அபராதம் போட்டார்கள், கட்டினார். சிங்காரத்தின் லைசன்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அவருடைய கேஸ் இன்னும் நடக்கிறது. அவர் மண்டியிலேயே இருக்கிறார். முதலாளியின் லாரி வேறொரு டிரைவரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கும் வயிறு எரிகிறது. என்ன செய்வது, ஒரு கதையில் எல்லாவற்றையும் நேராக்க முடியவில்லை.

கடலூரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குச் சிங்காரமும் வந்திருந்தார். வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். கதிர்வேல் ஊன்றுகோலோடு அவர் முன்னால் போய் நின்றார். விபத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"அண்ணே..." என்று ஆரம்பித்தார் சிங்காரம்.

"சாப்ட்டியா?" என்றார் கதிர்வேல்.

"இல்லண்ணே."

"வா. மாமா, ஒங்களையுந்தான். மச்சான், நீ மட்டும் அளவா சாப்புடணும், சொல்லிட்டேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். கதிர்வேலின் காலை நீட்டிக்கொள்ள இடம் இல்லை. ராமாமிர்தம் எழுந்துபோய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்தார். மருமகனின் காலைத் தன் இரண்டு கைகளாலும் மெதுவாகத் தூக்கி அதன்மேல் வைத்தார். மாமனார் காலைத் தொடுவதா என்று கதிர்வேல் பதறிப் பின்னுக்கு இழுத்தார்.

"இருக்கட்டும் மாப்ள. அசையாதீங்க" என்றார் பெரியவர்.

ஜான்சி குனிந்து இலையில் தண்ணீர் தெளித்தாள். சாப்பாடு வரும்வரை அவள் நிமிரவே இல்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. நேரமாயிற்று, பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்புகிறவர்கள் ஒருவர் குறையாமல் பொழுது சாய்வதற்குள் வாசல் மிதிக்கட்டும். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அவனுக்குக் கண் நிறையத் தூக்கம் கிடைக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் பயந்து பொய் சொல்ல வேண்டிய நாள் வராமல் இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லாரும்.